டூலை 26 வருஷம் அளந்த டெய்லர், மனிதனை எத்தனை நாள் அளந்தார்?

#1 கடைசல்காரன்

தங்கை மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறான். போன ஞாயிறு அவனுடைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றில், வெட்டும் கருவியின் ஆயுளைக் கணக்கிட 'டெய்லர் சமன்பாடு'. இன்னொன்றில், 'அறிவியல் மேலாண்மையின் தந்தை எஃப்.டபிள்யூ. டெய்லர்'. ரெண்டும் ஒரே ஆள்தான்டா என்றேன், அவன் நம்பவே இல்லை. நான் 31 வருஷம் லேத்தில் (கடைசல் மெஷினில்) நின்றவன், இப்போது ஓய்வு. இந்த மனிதரைப் பற்றி மனதில் ரொம்ப நாளாக ஒரு விஷயம் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த இழை.

ஃபிரெடரிக் டெய்லர் 1856-இல் ஃபிலடெல்ஃபியாவில் வசதியான வீட்டில் பிறந்தவர். ஆனாலும் பட்டறையில் பேட்டர்ன் மேக்கராகவும் (வார்ப்புக்கு மாதிரி செய்பவர்) மெஷினிஸ்டாகவும் தொழில் பழகி, 1878-இல் மிட்வேல் ஸ்டீல் கம்பெனியில் கூலியாளாகச் சேர்ந்து, ஃபோர்மேன், தலைமை இன்ஜினியர் என்று ஏறினார். பட்டறையில் நின்றவர் என்பதால் அங்கே நடப்பது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

அங்கேதான் 1880 வாக்கில் ஒரு கேள்வியை எடுத்தார். இந்த இரும்பை, இந்த டூலால் (வெட்டும் கருவியால்), என்ன ஸ்பீடில், என்ன ஃபீடில் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்), எவ்வளவு ஆழம் வைத்துக் கடைந்தால் வேலை சீக்கிரம் முடியும்? அன்றைக்கு ஒவ்வொரு டர்னரும் அவரவர் கைப்பழக்கத்தில் முடிவு செய்துகொண்டிருந்த விஷயம் இது. ஆறு மாதத்தில் விடை கிடைத்துவிடும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார். 26 வருஷம் ஆனது. இரும்பின் கடினம், டூலின் கோணம், தண்ணீர் விடுவது, ஆழம் என்று 12 காரணிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நின்றன. ஒன்றை மாற்றும்போது மற்ற பதினொன்றையும் அசையாமல் பிடித்துவைக்க வேண்டும். இந்தச் சோதனைகளுக்காக மட்டும் 8 லட்சம் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 360 டன் இரும்பும் எஃகும் சுருளாகக் கழிந்தன. 1906-இல்தான் எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டார்.

நடுவில் பெத்லஹெம் ஸ்டீலில் மான்செல் ஒயிட் என்பவரோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தார். டூல் எஃகை இவ்வளவு சுட்டால் கெட்டுப்போகும் என்று எல்லோரும் பயந்த சூட்டையும் தாண்டி, உருகும் நிலைக்குப் பக்கம் வரை கொண்டுபோய்ப் பதப்படுத்தினார்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் அந்த டூல் முனை சிவக்கச் சிவக்க வெட்டியது, சுருள் நீலமாக வந்து விழுந்தது. நாம் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல், அதிவேகத்தில் வெட்டும் எஃகு) என்று சொல்கிறோமே, அந்த வம்சத்தின் மூத்தது அதுதான். என் சட்டைப்பையில் 31 வருஷம் ஏதாவது ஒரு எச்.எஸ்.எஸ். பிட் இருந்துகொண்டே இருந்தது. அதற்காக இந்த மனிதருக்குக் கும்பிடு போடுவேன்.

சரி, இப்போது அடுத்த கதை. 1899, அதே பெத்லஹெம். வார்ப்பிரும்புக் கட்டி ஏற்றும் வேலை. ஒரு கட்டி 92 பவுண்டு, சுமார் 42 கிலோ. குனிந்து தூக்கி, சாய்வுப் பலகையில் ஏறி, ரயில் வேகனில் போட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். ஓர் ஆள் ஒரு நாளைக்கு 12½ டன் ஏற்றிக்கொண்டிருந்தார். 47½ டன் முடியும் என்றார் டெய்லர். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர்கள் டன்னுக்கு 2,240 பவுண்டு, ஆக 1,150 கட்டிக்கு மேல் வருகிறது. பத்து மணி நேரத்துக்கு வகுத்தால் அரை நிமிடத்துக்கு ஒரு கட்டி. 'ஷ்மிட்' என்று டெய்லர் பெயர் மாற்றி எழுதிய அந்தத் தொழிலாளியின் உண்மைப் பெயர் ஹென்றி நோல்.

அந்த 47½ எங்கிருந்து வந்தது? கம்பெனியின் பழைய பதிவுகளைப் பின்னாளில் தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள் சொல்வது இது: திடகாத்திரமான சிலரை முழுவேகத்தில் கொஞ்ச நேரம் ஏற்றவைத்து, அதை ஒரு நாளுக்குப் பெருக்கி, ஓய்வுக்கென்று 40 சதவீதம் கழித்தார்கள். 45 டன் பக்கம் வந்தது. ஏன் 40? ஏன் 30 இல்லை, ஏன் 60 இல்லை?

ஒரு டூல் முனை எத்தனை நிமிடம் தாங்கும் என்று 26 வருஷம் பார்த்தவர், ஒரு மனிதனின் முதுகு எத்தனை வருஷம் தாங்கும் என்று பார்க்கவே இல்லை. எனக்கு ஆற்றாமை இதுதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மூணாம்செமஸ்டர்

ஐயா, எங்களுக்கும் ரெண்டு பேப்பரிலும் அவர் வருகிறார், ஒரே ஆள் என்று இப்போதுதான் தெரிகிறது. மேனேஜ்மென்ட் பேப்பரில் அந்த 47½ டன் கதை 'வெற்றிக் கதை' என்று அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அந்தக் கட்டியின் எடையைக்கூட எங்கள் புத்தகத்தில் போடவில்லை.

#3 ஊசிநூல்

நான் திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) வேலை பார்க்கிறேன். கிளிப்போர்டும் ஸ்டாப்வாட்சும் எடுத்துக்கொண்டு லைனில் நிற்கிற பெண். அதனால் இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு கம்பெனியில், ஓவர்லாக் மெஷினில் சைடு அடிக்கிற ஓர் அக்காவுக்கு நேரம் எடுக்கச் சொன்னார்கள். அந்த லைனிலேயே வேகமான கை அவருக்குத்தான். துணியை அவர் எடுப்பதும் தெரியாது, தைத்து முடிப்பதும் தெரியாது. நான் வாட்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றதும் கை அப்படியே மாறிவிட்டது. துணியை நீவினார், ஓரத்தை ரெண்டு தடவை சேர்த்துப் பார்த்தார், நூலைத் தேவையே இல்லாமல் வெட்டினார். சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன், ஏன் அக்கா அப்படி என்று. "நீ எழுதிட்டுப் போயிருவ கண்ணு. திங்கக்கிழமை டார்கெட் ஏறிரும்" என்றார்.

டெய்லர் மிட்வேலில் ஃபோர்மேன் ஆனதும் முதலில் மோதியது இதே விஷயத்தோடுதான். பீஸ் ரேட்டில், அதாவது செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறையில், வேலை செய்தவர்கள் வேண்டுமென்றே அளவாகச் செய்தார்கள். கூடச் செய்து கூடச் சம்பாதித்தால் முதலாளி ரேட்டைக் குறைத்துவிடுவார் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். ரெண்டு மூணு வருஷம் அவர்களோடு மல்லுக்கு நின்றார். 1912-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் இதை அவரே விவரித்துச் சொன்னார், அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் தானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்கிற அளவுக்கு. காரணம் புரிந்திருக்கிறது. ஆனால் அவர் கண்டுபிடித்த மருந்து, வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்கிற அறிவைத் தொழிலாளி கையிலிருந்து எடுத்து ஆபீஸுக்குக் கொண்டுபோவது. அந்த ஆபீஸில் இன்றைக்கு உட்கார்ந்திருப்பது நான்.

#4 வார்ப்படம்

நல்ல இழை. என் அப்பா காலத்திலிருந்து நாங்கள் ஃபவுண்டரிக்காரர்கள் (இரும்பை உருக்கி வார்ப்பவர்கள்), அதனால் வாட்டர்டவுன் கதையை நான் சொல்லியே ஆக வேண்டும்.

மாசாசூசெட்ஸில் வாட்டர்டவுன் என்ற ஊரில் அமெரிக்க ராணுவத்தின் ஆயுதக்கிடங்கு இருந்தது. பீரங்கி வண்டிக்கான பாகங்கள் செய்யும் இடம். 1909-லிருந்து அங்கே டெய்லர் முறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தார்கள். மெஷின் ஷாப்பில் எப்படியோ ஓடிவிட்டது. 1911 ஆகஸ்ட் மாதம் ஸ்டாப்வாட்ச், மணலில் அச்சு செய்யும் மோல்டிங் ஷாப்புக்குள் வந்தது. ஒரு மோல்டர், என்னை அளக்க விடமாட்டேன் என்று மறுத்தார், வேலையை விட்டு அனுப்பினார்கள், கூட இருந்த மோல்டர்கள் எல்லோரும் வெளியே நடந்தார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பினார்கள்.

மோல்டிங் தெரிந்தவர்களுக்கு அவர்கள் கோபம் உடனே புரியும். மணலில் ஈரம் எவ்வளவு என்று கையில் பிடித்து அமுக்கிப் பார்த்துத்தான் தெரியும். இன்றைக்கு மழை என்றால் இன்றைக்கு வேறு கணக்கு. எவ்வளவு இடிக்க வேண்டும், எங்கே காற்றுக்கு ஊசி குத்த வேண்டும், பேட்டர்னை எப்போது தட்டி எடுக்க வேண்டும், இதெல்லாம் கைக்குள் இருக்கிற விஷயம். நேரம் பார்க்க வந்தவர் மோல்டிங் தொழில் செய்தவர் கிடையாது. ஒரு மோல்டு வேலைக்கு அவர் 24 நிமிடம் என்று எழுதினார். அதே வேலையைத் தொழிலாளர்கள் பக்கத்தில் ஒருவர் தன் கடிகாரத்தில் தனியாகப் பார்த்திருந்தார், அவருக்கு வந்தது 50 நிமிடம். ரெண்டு பேரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஒருவர் கண்ணுக்கு வீணாகத் தெரிந்த அசைவு, இன்னொருவர் கண்ணுக்கு வேலையின் பகுதியாகத் தெரிந்திருக்கிறது.

பிறகு நாடாளுமன்றக் குழு விசாரித்தது, ஊசிநூல் சொன்ன சாட்சியம் அதில்தான். 1915-இல் ராணுவப் பட்டறைகளில் ஸ்டாப்வாட்சுக்குப் பணம் ஒதுக்கக் கூடாது என்று நிதிச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அந்தத் தடை 1949 வரை இருந்தது. அதே 1915 மார்ச்சில் டெய்லர் இறந்துபோனார், 59 வயது முடிந்த மறுநாள்.

#5 சிறுதொழில்

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், கொஞ்சம் எதிர்ப்பக்கமும் பேசுகிறேன். 14 பேர் வேலை செய்கிற சின்ன யூனிட் நடத்துகிறேன், மாதாமாதம் சம்பளம் போடுவதன் கஷ்டம் எனக்குத் தெரியும்.

முதலில் கடைசல்காரன் ஐயாவுக்கு. டெய்லர் மனிதக் களைப்பைப் பார்க்கவே இல்லை என்பது சரியில்லை. மிட்வேலில் வலுவான ஆட்களை வைத்து, ஒரு மனிதன் நாளைக்கு எவ்வளவு குதிரைத்திறன் வேலை செய்ய முடியும் என்று பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கார்ல் பார்த் என்கிற கணக்குக்காரர் அந்தத் தரவுகளிலிருந்து ஒரு விதி எடுத்துக் கொடுத்தார். 92 பவுண்டு தூக்குகிறவன் நாளில் 43 சதவீத நேரம்தான் சுமையோடு இருக்க வேண்டும், மீதி நேரம் கை சும்மா இருக்க வேண்டும் என்று. கூலியாளுக்கு ஓய்வும் வேலையில் சேர்த்தி என்று அந்தக் காலத்தில் எந்த முதலாளி சொன்னார்?

அப்புறம் மண்வெட்டி விஷயத்தைப் பாருங்கள். பெத்லஹெமில் கூலியாட்கள் அவரவர் மண்வெட்டியைத்தான் கொண்டுவருவார்கள். அதே மண்வெட்டியில் லேசான நிலக்கரித் தூள் அள்ளினால் மூன்றரை பவுண்டு வரும், கனமான இரும்புத் தாது அள்ளினால் 38 பவுண்டு வரும். ஒரு அள்ளுக்கு 21 பவுண்டு வந்தால்தான் ஒரு நாளில் அதிக வேலை நடக்கிறது என்று கண்டுபிடித்து, கம்பெனியே ஒவ்வொரு பொருளுக்கும் தனி மண்வெட்டி கொடுத்தது. தாதுவுக்குச் சின்னது, தூளுக்குப் பெரியது. 38 பவுண்டு அள்ளிக்கொண்டிருந்தவனுக்கு இது நல்லதா கெட்டதா? ஓர் ஆளின் வேலை நாளைக்கு 16 டன்னிலிருந்து 59 டன் ஆனது, கூலி 1.15-லிருந்து 1.88 டாலர் ஆனது, டன்னுக்கு ஆகும் செலவு 7.2 சென்ட்டிலிருந்து 3.3 சென்ட்டுக்கு இறங்கியது. நஷ்டம் யாருக்கு?

#6 கடைசல்காரன்

சிறுதொழில் தம்பி, 43 சதவீத விஷயத்தை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. நான் விட்டது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது ஒரு நாளுக்கான கணக்குதான். நாற்பது வயதில் அந்த ஆள் எப்படி இருப்பான் என்பது அதில் வராது.

நஷ்டம் யாருக்கு என்று கேட்டீர்கள். அதே கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. அந்த யார்டில் 400-லிருந்து 600 பேர் வரை வேலை செய்தார்கள், கடைசியில் 140 பேர். மீதிப் பேர் அந்தக் கணக்கில் வரவில்லை. இருந்த 140 பேருக்கும், வேலை மூணரை மடங்கு ஏறியபோது கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் ஏறியது.

மண்வெட்டி நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. டூல் கொடுத்து வேலையைச் சுலபமாக்குவது ஒன்று. அப்படிச் சுலபமான அந்த நேரத்தையும் உடனே இன்னும் கொஞ்சம் வேலையால் நிரப்பிவிடுவது வேறொன்று. டெய்லர் ரெண்டையும் ஒரே பெயரில் கட்டிக் கொடுத்துவிட்டார்.

#7 ஊசிநூல்

ஐயா சொன்னது எனக்கு அப்படியே நடந்தது. எங்கள் லைனில் பண்டில் பெட்டி இடது பக்கம் தரையில் இருக்கும். ஒவ்வொரு பீஸுக்கும் ஆபரேட்டர் பக்கவாட்டில் குனிந்து எடுப்பார், ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் சாய்வாக ஒரு பலகை அடித்து, மேசை உயரத்துக்குத் துணியைக் கொண்டுவந்தோம். பீஸுக்கு நாலு செகண்ட் குறைந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த வழியில் முதலில் நடந்தவர் ஃபிராங்க் கில்பிரெத். கொத்தனார் ஒரு செங்கல் வைக்கப் பண்ணும் 18 அசைவுகளை 5 ஆக்கினார், கல்லைக் குனிந்து எடுக்காதபடி சாரத்தை உயர்த்தினார், மணிக்கு 120 கல் வைத்தவர்கள் 350 வைத்தார்கள்.

அடுத்த வாரமே அந்த நாலு செகண்டையும் சேர்த்து டார்கெட்டை ஏற்றிவிட்டார்கள். அந்த மெஷினில் இருந்த அக்கா என்னிடம் கேட்டது: "முதுகு வலி குறைஞ்சிருச்சு கண்ணு, அதுக்கு உனக்குப் புண்ணியம். ஆனா அந்த நாலு செகண்ட் எனக்கா, கம்பெனிக்கா?"

#8 ஆலைமணி

சென்னைக்கு வெளியே ஒரு கார் ஆலையில் அசெம்பிளி லைனில் இருக்கிறேன், பதினோரு வருஷம் ஆகிறது. ஃபோர்டு கதை இன்னும் வரவில்லை, அதனால் நான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

டெட்ராய்ட் பக்கம் ஹைலேண்ட் பார்க் ஆலை, 1913 ஏப்ரல். மாடல் டி காரில் தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோ என்ற பாகம். ஃப்ளைவீலைச் சுற்றி 16 காந்தங்கள் பூட்ட வேண்டும். கைதேர்ந்த ஓர் ஆள் மேசையில் உட்கார்ந்து முழுதாக ஒன்றைச் செய்ய ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும். அந்த வேலையை 29 துண்டாகப் பிரித்து, 29 பேரை வரிசையாக நிறுத்தினார்கள். ஒருவர் ரெண்டு போல்ட்டு போட்டுவிட்டுப் பக்கத்தில் தள்ளுவார், அடுத்தவர் நட்டு முடுக்குவார், அப்படியே போகும். 13 நிமிடம் 10 செகண்டுக்கு வந்தது. அடுத்த வருஷம் அந்த மேசையை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். உயர்த்தியது மட்டும்தான். 7 நிமிடம் ஆனது! குனிந்தே நின்றவர்கள் நிமிர்ந்ததில் பாதி நேரம் மிச்சம். அப்புறம் இன்னும் சில மாற்றங்கள் செய்து 5 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) கதை இன்னும் பெரிது. ஒரே இடத்தில் நிறுத்தி அசெம்பிள் செய்தபோது மிக நன்றாகச் செய்தாலே 12 மணி 28 நிமிடம். கயிறு கட்டி, வின்ச் வைத்து, 250 அடி இழுத்துக்கொண்டே போய், ஆறு பேர் கூடவே நடந்து, வழியில் குவித்து வைத்த பாகங்களை எடுத்துப் பூட்டியதில் 5 மணி 50 நிமிடம். 1914-இல் லைனை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார்கள், அதிலும் ரெண்டு லைன், ஒன்று 26¾ அங்குலம், இன்னொன்று 24½ அங்குலம், உயரமான ஆட்களுக்கு ஒன்று, குட்டையான ஆட்களுக்கு ஒன்று. 1 மணி 33 நிமிடம்.

படிக்கும்போது எனக்கே மெய்சிலிர்க்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு லைனில் நிற்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டெய்லர் முறையில் ஒரு மனிதர் வாட்சோடு வந்து நிற்பார், அவரிடம் கோபப்படலாம், வாட்டர்டவுன்காரர்கள் மாதிரி முடியாது என்று சொல்லலாம். ஃபோர்டு முறையில் பெல்ட்டே வாட்ச். அதனோடு யார் பேசுவது? எங்கள் ஸ்டேஷனில் 58 செகண்ட். 58 செகண்டில் வண்டி நகர்ந்துவிடும், மூக்கு அரித்தால்கூட அடுத்த வண்டிக்குள் சொறிந்துகொள்ள வேண்டும்.

#9 கடைசல்காரன்

ஆலைமணி, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சின்னச் சேர்க்கை, ஏனென்றால் லைனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கருவிகளும் அளவிகளும் செய்கிற டூல்ரூமை மறந்துவிடுகிறார்கள்.

29 பேர் வரிசையாக நின்றால் மட்டும் லைன் ஓடாது. மூணாவது ஆள் கையில் வந்த பாகம் ஒரு நூல் பெரிதாக இருந்து அவர் அரத்தை எடுத்தார் என்றால், மீதி 26 பேரும் சும்மா நிற்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் கார் செய்தவர்களிடம் ஃபிட்டர்கள் உட்கார்ந்து அராவி அராவித்தான் பொருத்தினார்கள், ஒவ்வொரு காரும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். எந்தப் பெட்டியிலிருந்து எதை எடுத்தாலும் பொருந்த வேண்டும் என்பது துப்பாக்கித் தொழிற்சாலைகளில் ஆரம்பித்த வேலை. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் ஜான் ஹால் 1820-களிலேயே அதற்காக அளவு சரிபார்க்கும் கேஜ் கேஜாகச் செய்து குவித்தவர்.

1908-இல் இங்கிலாந்தில் ப்ரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஒரு சோதனை நடந்தது. மூன்று கேடிலாக் கார்களை அக்கு அக்காகப் பிரித்து, எல்லாப் பாகத்தையும் ஒரே குவியலாகக் கலந்து, அதில் 89 பாகங்களை எடுத்துவிட்டுக் கடைச் சரக்கிலிருந்து வேறு போட்டு, சாதாரணக் கைக்கருவிகளை மட்டும் வைத்துத் திரும்ப மூன்று கார்களாகக் கட்டி, ஒவ்வொன்றையும் 500 மைல் ஓட்டினார்கள். மூன்றும் ஓடின. அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. என் டூல்ரூமில் ஜோஹான்சன் கேஜ் பிளாக் செட் (துல்லிய அளவுக்கு வைத்துப் பார்க்கும் எஃகுக் கட்டிகள்) ஒன்று இருந்தது, ரெண்டு பிளாக்கைத் துடைத்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் தேய்த்தால் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஸ்வீடன்காரரான ஜோஹான்சனை 1923-இல் ஃபோர்டு தன்னிடமே அழைத்துக்கொண்டார். அளவு என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று ஃபோர்டுக்குத் தெரிந்திருக்கிறது.

#10 தெற்குவாசல்

5 டாலர் கூலி பற்றி யாரும் சொல்லவில்லையே. லைன் வந்ததும் ஆட்கள் ஓட்டமெடுத்தார்கள். 1913-இல் ஃபோர்டு ஆலையில் ஆட்கள் மாறிய விகிதம் 370 சதவீதம். ஒரு நாளைக்குப் பத்து சதவீதம் பேர் வேலைக்கே வரவில்லை. 1914 ஜனவரி 5 அன்று எட்டு மணி நேர வேலை, 5 டாலர் கூலி என்று அறிவித்தார்கள். அதற்கு முன் ஒன்பது மணி நேரத்துக்கு 2.34 டாலர். மறுவாரம் ஆலை வாசலில் வேலை கேட்டு ஆயிரக்கணக்கில் கூட்டம், கலைக்க உறைபனிக் குளிரில் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள்.

அந்த 5 டாலரும் எல்லோருக்கும் இல்லை. ஃபோர்டின் ஆட்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், குடிப்பாயா, சேமிக்கிறாயா, வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாயா என்று. பாஸானால்தான் முழுக்கூலி. பெண்களுக்கு முதலில் கிடையவே கிடையாது. இன்னொரு பக்கம், 1908-இல் 850 டாலர் விலையில் வந்த கார் 1920-களின் நடுவில் 290 டாலருக்கு வந்தது, 1927-இல் உற்பத்தி நிற்கும்போது 1.5 கோடி கார்கள் போயிருந்தன. அதைச் செய்த தொழிலாளியே அதை வாங்க முடிந்தது. இது சாதாரண விஷயம் இல்லை.

இன்னொன்று. இது முதலாளிகளின் முறை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். டெய்லர் முறை மனிதனை இயந்திரத்துக்கு அடிமையாக்குவது என்று 1914-இல் எழுதிய லெனின், ஆட்சிக்கு வந்த பிறகு 1918-இல் அதில் உள்ள நல்லதைக் கற்றே ஆக வேண்டும் என்றார். 1920-இல் மாஸ்கோவில் இதற்கென்று காஸ்தெவ் தலைமையில் ஒரு நிறுவனமே வந்தது, சுத்தியல் அடிப்பதையும் உளி பிடிப்பதையும் நுணுக்கி அளந்தார்கள்.

#11 சிறுதொழில்

தெற்குவாசல் சொன்ன 290 டாலரைத்தான் நானும் சொல்லவந்தேன். ஊசிநூல் மேடம் சொன்ன நாலு செகண்டைப் பற்றி ரெண்டு நாளாக யோசித்தேன். என் யூனிட்டில் போன வருஷம் ஒரு ஃபிக்ஸ்சர் (வேலைப் பொருளைப் பிடித்துவைக்கும் சட்டம்) மாற்றியதில் ஒரு வேலைக்குப் பாதி நேரம் மிச்சமானது. அந்த ஃபிக்ஸ்சருக்கு யோசனை சொன்னது என் ஆபரேட்டர்தான். அவருக்கு நான் ஒரு சட்டைத்துணி வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். மிச்சமான நேரத்தில் பாதியைக் காசாகக் கொடுத்திருக்கலாம். இந்தத் தீபாவளியிலிருந்து கொடுப்பேன், இங்கேயே எழுதிவைக்கிறேன்.

#12 ஆலைமணி

நல்ல மனசுங்க. எங்கள் ஆலையில் தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கும். தப்பு தெரிந்தால் இழுக்கலாம், விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், அந்த 58 செகண்டுக்குள் சரியாகாவிட்டால் லைனே நின்றுவிடும். டொயோட்டாவிலிருந்து வந்த பழக்கம். முதல் தடவை இழுத்தபோது எனக்குக் கை நடுங்கியது, ஒரு நட்டு திரெட் மாறி ஏறியிருந்தது. யாரும் திட்டவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன், இன்றைக்கு நான் லைனை நிறுத்தினேன் என்று. ஃபோர்டின் 29 பேர் கையில் அப்படி ஒரு கயிறு இருந்திருந்தால் என்று அடிக்கடி நினைப்பேன். ஆனால் ஒன்று, நட்டு தப்பாக இருந்தால் இழுக்கலாம். தோள் வலித்தால் இழுக்க முடியாது.

#13 மூணாம்செமஸ்டர்

ஐயா, நேற்று லேப்பில் டெய்லர் சமன்பாடு போட்டுப் பார்த்தோம். எச்.எஸ்.எஸ். டூலுக்கு அதில் வரும் அடுக்கு எண் (வேகம் கூடினால் ஆயுள் எவ்வளவு குறையும் என்று சொல்வது) 0.125 வாக்கில் வைத்துக் கணக்குப் போட்டால், வேகத்தைப் பத்தே பத்து சதவீதம் கூட்டினால் டூலின் ஆயுள் பாதிக்கும் கீழே போகிறது. ரெண்டு மடங்கு ஆக்கினால் 256-இல் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. நிஜமாகவே அப்படியா?

#14 கடைசல்காரன்

நிஜம்தான் தம்பி. கொஞ்சம் கூட்டினால் என்ன ஆகிவிடும் என்று அவசரக்காரர்கள் கூட்டுவார்கள், முனை எரிந்து, வேலையும் கெட்டு, திரும்பச் சாணை பிடிக்க அரை மணி நேரம் போகும். மைல்டு ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 30 மீட்டர் பக்கத்தில் வைத்து, கூலன்ட்டைத் தாராளமாக விட்டுப் பாருங்கள். தண்ணீரை நிறைய விட்டால் வேகத்தை 40 சதவீதம் வரை கூட்டலாம் என்று 1880-களிலேயே கண்டுபிடித்தவரும் இதே டெய்லர்தான்.

#15 ஊசிநூல்

மூணாம்செமஸ்டர் தம்பியின் கணக்கைப் பார்த்துவிட்டு இந்த வாரம் ஒரு வேலை செய்தேன். எங்கள் டார்கெட் எல்லாம் காலை பத்து மணி வாக்கில் எடுத்த நேரத்தை வைத்துத்தான் போடுவோம், எல்லோரும் அப்போதுதான் சுறுசுறுப்பாக இருப்பார்கள். அதே ஆபரேட்டருக்கு, அவர் சம்மதத்தோடு, காலை பத்துக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கும் தனித்தனியாக எடுத்தேன். காலையில் பீஸுக்கு 38 செகண்ட், சாயங்காலம் 47. எந்தத் தில்லுமுல்லும் இல்லை, கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பீஸ் முடிந்ததும் விரலை ஒரு தடவை நீட்டி மடக்கினார். அது என் ஷீட்டில் எந்தக் கட்டத்திலும் வராது. மேனேஜரிடம் ரெண்டு ரீடிங்கையும் வைத்துப் பேசப் போகிறேன்.

#16 கடைசல்காரன்

பேசுங்கம்மா. போகும்போது ஒரு வாரத்து ரீடிங்கோடு போங்கள். திங்கட்கிழமை சாயங்காலம் எடுத்ததையும் சனிக்கிழமை சாயங்காலம் எடுத்ததையும் ஒன்றாகச் சேர்த்து சராசரி போட்டுவிடாதீர்கள், தனித்தனியாக எழுதி வையுங்கள்.